மைக்குள் ஒரு துளி, மேனிக்கு ஒரு துணி: மை பேனா பராமரிப்பு

சேம்பிலையில் விழுந்த மழைத்துளியைப் பார்த்திருப்பீர்கள். இலையை நனைக்காமல் உருண்டு திரண்டு கீழே ஓடிவிடும். அதே இலையில் சோப்பு கரைத்த தண்ணீரை விட்டுப் பாருங்கள். உருளாமல் இலையோடு ஒட்டிப் படரத் தொடங்கும். வேப்பெண்ணெய் தெளிக்கிற விவசாயி அதில் சோப்புக் கரைசல் சேர்ப்பதற்கு ஒரு காரணம் எண்ணெயும் நீரும் கலக்க வேண்டும் என்பது. இன்னொரு காரணம் மருந்து இலையில் தங்கிப் படர வேண்டும் என்பது. மை பேனா வைத்திருப்பவர்கள் மையில் ஒரு துளி ஏதோ சேர்க்கிறார்களே, அந்தத் துளியின் வேலையும் ஏறக்குறைய இதுதான்.

என் அப்பா தக்கலையில் பத்திரம் எழுதியவர். அவர் பயன்படுத்திய, எபோனைட் என்ற கடினப் பொருளில் செய்த கறுப்புப் பேனா அவருக்குப் பின் பல ஆண்டுகள் மரப்பெட்டியில் கிடந்தது. ஓர் ஆடி மாதச் சாரலில் பெட்டியைத் திறந்து அதை எடுத்தபோது கறுப்பு போய், காய்ந்த பலா இலையின் நிறத்துக்கு வந்திருந்தது. உள்ளே மை கட்டிப்போயிருந்தது. மூடியைத் திறந்ததும் கந்தக வாசனை அடித்தது. எந்த மருந்தை ஊற்றினால் இது மறுபடி எழுதும், எதைத் தேய்த்தால் மறுபடி கறுக்கும் என்பதுதான் அன்று என் மனதில் எழுந்த கேள்வி. இரண்டுக்கும் பதில் உண்டு. ஆனால் அந்தப் பதில்களுக்கு ஒரு வரிசை உண்டு என்பதையும், நம் குமரி மாவட்டத்து ஈரக்காற்றில் அவற்றில் சில பொருந்தாது என்பதையும் பின்னால்தான் கற்றுக்கொண்டேன். புதிதாக மை பேனா வாங்கியவர்களும், வீட்டுப் பெரியவர்களின் பேனாவை எடுத்து எழுத ஆசைப்படுகிறவர்களும் அந்த வரிசையை முதலிலேயே தெரிந்துகொண்டால் நல்ல பேனாக்கள் பல பிழைக்கும்.

பேனா எப்படி எழுதுகிறது

நிப்பைத் திருப்பிப் பாருங்கள். அதன் அடியில் கறுப்புக் கட்டை ஒன்று ஒட்டியிருக்கும். அதில் தலைமுடியளவு மெல்லிய வாய்க்கால் கீறப்பட்டிருக்கும். மை அந்த வாய்க்கால் வழியே நிப்புக்கு இறங்குகிறது. இறங்கிய மைக்கு ஈடான காற்று குமிழிகளாக உள்ளே ஏறுகிறது. இந்தக் கொடுக்கல் வாங்கல் தடைபடாமல் நடக்கும்வரை பேனா எழுதும். நிப்பின் நடுவில் உள்ள பிளவு முனையை நோக்கிக் குறுகிக்கொண்டே போகும். இடம் குறுகக் குறுக மையை இழுக்கும் விசை கூடும். பள்ளிக்கூடத்தில் நுண்புழை நுழைவு என்று படித்தோமே, அதுவேதான். முனை தாளைத் தொட்டதும் தாளின் நார்கள் மையை வாங்கிக்கொள்கின்றன.

இந்தப் பயணத்துக்கு மை, தான் தொடும் பரப்புகளை நனைக்க வேண்டும். தண்ணீருக்கோ தன்னைத்தானே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் குணம் அதிகம். 25 டிகிரி வெப்பத்தில் தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு ஏறத்தாழ 72 மில்லிநியூட்டன். அன்றாடம் நாம் கையாளும் திரவங்களில் இது உயர்ந்த அளவு. மையில் பெரும்பகுதி தண்ணீர்தான். அதனால்தான் மை செய்பவர்கள் சாயத்தோடு வேறு சிலவற்றையும் சேர்க்கிறார்கள். இழுவிசையைக் குறைத்துப் படரவைக்கும் நனைப்பான் ஒன்று. நிப்பில் மை சீக்கிரம் காயாமல் ஈரத்தைப் பிடித்துவைக்கும் கிளிசரின் போன்ற பொருள் இன்னொன்று. பூஞ்சைத் தடுப்பான் மூன்றாவது. ஆக, கடையில் வாங்கும் மை ஏற்கெனவே சேர்மானங்கள் கலந்த மைதான். பேனாவைச் சுத்தம் செய்யும் பொருளை மையிலேயே சேர்த்து விற்பதும் பழைய வழக்கம். பார்க்கர் நிறுவனம் 1931இல் குவிங்க் மையை அறிமுகப்படுத்தியபோது, அதில் சால்வ்-எக்ஸ் என்ற துப்புரவுப் பொருள் இருப்பதாகச் சொல்லித்தான் விளம்பரம் செய்தது.

ஆகவே நாம் வீட்டில் சேர்க்கும் துளி, வெந்த குழம்பில் பின்னால் போடும் உப்பைப் போன்றது. குறைந்தால் இன்னும் கொஞ்சம் சேர்க்கலாம். கூடிவிட்டால் எடுக்க முடியாது.

முதலில் கழுவுங்கள்

எட்டாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகள் ஒருநாள் வந்து, "மாமா, இந்த மை சரியில்லை, விட்டு விட்டு எழுதுகிறது" என்றாள். கடையில் கிடைக்கும் சாதாரண ராயல் புளூ மைதான். நிப்புக் கட்டையைக் கழற்றிக் கழுவினோம். உள்ளிருந்து சிவப்பு மை வந்தது, பிறகு பச்சை, கடைசியில் எதுவென்று சொல்ல முடியாத பழுப்புச் சேறு. கழுவிய பிறகு அதே மையில் அதே பேனா ஓடியது. மையைக் குறை சொல்லும் பத்துப் பேனாக்களில் பெரும்பாலானவற்றுக்குத் தண்ணீர் ஒன்றே மருந்து என்பது என் அனுபவம்.

குளிர்ந்த தண்ணீர் போதும், வெந்நீர் வேண்டாம். நிப்புப் பகுதியை ஒரு கிண்ணத்தில் இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் தண்ணீரை மாற்றி, நிறம் வருவது நிற்கும் வரைக்கும் அலசுங்கள். முட்டம், குளச்சல் போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: உப்புச்சுவை உள்ள கிணற்றுநீரில் பேனாவைக் கழுவிக் காயவைத்தால் உப்பு வாய்க்காலிலேயே தங்கும். ஸ்டீல் நிப்புக்கு அந்த உப்பு பகை. புள்ளி புள்ளியாக அரிக்கும். கடைசி அலசலையாவது பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் செய்யுங்கள். ஒரு புட்டி வாங்கினால் மாதக்கணக்கில் வரும்.

தண்ணீருக்கு அசையாத படிவாக இருந்தால், கால் லிட்டர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி விட்டு அலசலாம். அதற்கும் அசையாவிட்டால் அடுத்த படி அம்மோனியா. வீட்டு உபயோக அம்மோனியா ஒரு பங்குக்குத் தண்ணீர் பத்துப் பங்கு, அதில் சோப்புத் திரவம் ஒரு துளி; காற்றோட்டமான இடத்தில் சில நிமிடங்கள் ஊறவைத்துப் பிறகு நன்றாக அலச வேண்டும். பித்தளை, அலுமினியப் பாகங்கள் உள்ள பேனாவுக்கு இது ஆகாது. பிளீச்சிங் பவுடர் கரைசலோடு அம்மோனியா கலந்தால் நச்சுவாயு கிளம்பும் என்பதையும் மறக்கக் கூடாது. ஸ்பிரிட் வகைகளைத் தொடவே வேண்டாம். செல்லுலாய்டு, அக்ரிலிக் பேனாக்களை அவை கரைத்துவிடும் அல்லது விரிசல் விட வைக்கும்.

இரும்பு கலந்த மைக்கு வழி வேறு. கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து நம் முன்னோர் காய்ச்சிய மையும், ஐரோப்பியர் மாசிக்காயில் செய்த மையும் ஒரே குடும்பம். தாவரத் துவர்ப்பும் இரும்பு உப்பும் சேர்ந்து, காற்றுப் பட்டதும் கறுத்து, தாளை விட்டு அகலாத எழுத்தாக மாறுகின்றன. ஆவணங்களுக்கு இதைவிட நல்ல மை இல்லை. ஆனால் வீட்டில் காய்ச்சிய கடுக்காய் மையை மை பேனாவில் ஊற்றக் கூடாது. அது தொட்டு எழுதும் பேனாவுக்கானது. பேனாவுக்கென்று செய்து விற்கும் இரும்பு மைகளை ஊற்றலாம், பேனாவிலேயே காயவிடாமல் இருந்தால். அத்தகைய மை காய்ந்திருக்கும் பேனாவில் அம்மோனியாவை விட்டால் இரும்பு இன்னும் படியும். வெறும் தண்ணீரில் நன்றாக அலசிவிட்டு, வைட்டமின் சி எனப்படும் அஸ்கார்பிக் அமிலத்தைச் சிட்டிகையளவு கரைத்து ஊறவைத்தால் படிவு இளகும்.

சேர்க்கும் துளி

கழுவியாயிற்று, வேறொரு மை ஊற்றிப் பார்த்தாயிற்று, வேறு தாளிலும் எழுதிப் பார்த்தாயிற்று. அந்தக் குறிப்பிட்ட மை மட்டும் வறண்டு, எழுத்தின் நடுவே வெள்ளைக்கோடு விடுகிறதா? அப்போதுதான் நனைப்பானின் முறை வருகிறது.

ஃபிலிம் காலத்து ஸ்டூடியோக்களில் நெகட்டிவைக் கழுவிக் கடைசியில் ஒரு திரவத்தில் முக்கித் தொங்கவிடுவார்கள். தண்ணீர் துளித்துளியாக நின்று கறை விடாமல் வழிந்துபோக அது உதவும். கோடாக்கின் ஃபோட்டோ-ஃப்ளோ அந்த வகை. பேனா ஆர்வலர்கள் பல நாடுகளில் அதையே மைக்கும் பயன்படுத்துகிறார்கள். கிடைக்காவிட்டால், நிறமும் வாசனையும் குறைந்த பாத்திரத் திரவம் போதும்.

நான் செய்யும் முறை இது. திரவம் ஒரு பங்கு, டிஸ்டில்டு வாட்டர் ஒன்பது பங்கு கலந்து ஒரு சின்னப் புட்டியில் வைத்துக்கொள்கிறேன். மைப்புட்டியிலிருந்து 5 மில்லி மையை மட்டும் தனியே எடுக்கிறேன். அதில் ஃபில்லரால், அதாவது மை ஊற்றும் சொட்டுக்குழாயால், அந்தக் கலவை ஒரே ஒரு துளி. ஒரு மில்லி என்பது ஏறத்தாழ 20 துளி. கணக்குப் போட்டால் 5 மில்லி மையில் திரவத்தின் பங்கு ஆயிரத்தில் ஒன்றுதான். தென்னை ஈர்க்கால் கலக்கி ஒரு நாள் மூடி வைத்துவிட்டு எழுதிப் பார்க்கிறேன். போதவில்லையென்றால் இன்னொரு துளி. மூன்று துளிக்கு மேல் நான் போனதில்லை.

கூடிவிட்டதை எழுத்தே காட்டும். கோட்டின் ஓரத்தில் வேர்விட்டதுபோல் மை பரவும், தாளின் மறுபக்கம் ஊறும், நிப்பின் மேல்பக்கத்தில் மை ஏறி நிற்கும், சாய்த்தால் சொட்டும். அந்த மையைச் சேர்மானம் கலக்காத மையோடு கலந்து நீர்க்கச் செய்யலாம். புட்டி முழுவதிலும் ஊற்றியிருந்தால் அதுவும் முடியாது. மூலப்புட்டியில் எதையும் கலக்காதீர்கள் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

இரண்டாவது சேர்மானமான கிளிசரினைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு: குமரி மாவட்டத்தில் அது பெரும்பாலும் வேண்டாம். வறண்ட ஊர்களிலும், நாள் முழுக்க ஏ.சி. ஓடும் அறையிலும் நிப்பில் மை காய்ந்துவிடும். அங்கே கிளிசரின் உதவும். நமக்கோ தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு, நடுவில் கடற்காற்று. கிளிசரின் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும் பொருள். ஒரு ஐப்பசியில் அதைச் சேர்த்து நான் எழுதிய நோட்டில் எழுத்து மூன்று நாளாகியும் விரலில் ஒட்டியது. எதிரெதிர்ப் பக்கங்கள் ஒன்றின் மேல் ஒன்று அச்சாகிவிட்டன. அதே மழைக்காலத்தில் நோட்டுத் தாளும் ஈரம் வாங்கி மையைப் பரவவிடும். ஆகவே அடைமழை நாளில் மை பரவுகிறது என்றால், மையில் கை வைக்குமுன் தாளை அரிசி டப்பா மேலோ வேறு உலர்ந்த இடத்திலோ இரண்டு நாள் வைத்துப் பாருங்கள்.

மூன்றாவது, பூஞ்சைத் தடுப்பான். இதுதான் நம் ஊருக்கு உண்மையான கவலை. மைப்புட்டியைத் திறந்தால் மேலே பாலாடைபோல் ஒரு படலம், நூல் நூலாக ஏதோ மிதக்கிறது, நாற்றம் வேறு. பழைய காலத்தில் மைக்கு ஃபீனால் சேர்த்துப் பூஞ்சையைத் தடுத்தார்கள். அது தோலைச் சுடும் நஞ்சு. வீட்டில் அதைக் கையாள வேண்டாம். படலம் கண்ட மையை எந்தத் துளியாலும் மீட்க முடியாது. கொட்டிவிட்டு, அந்த மை பட்ட பேனாவைப் பிரித்துக் கழுவுங்கள். பேனாவைப் புட்டிக்குள் முக்குவதற்குப் பதிலாக, சுத்தமான ஃபில்லரால் எடுத்து ஊற்றும் பழக்கம் இருந்தால் பூஞ்சை புட்டிக்குள் போவது வெகுவாகக் குறையும். புட்டியில் வாங்கிய தேதியை எழுதி ஒட்டுங்கள். சமையலறை ஈரத்திலிருந்து தள்ளி வையுங்கள்.

இரண்டு மைகளைக் கலப்பவர்களுக்கு: குலசேகரம், கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் பாலில் ஃபார்மிக் ஆசிட் விட்டதும் அது உறைந்து கட்டியாவதைப் பார்த்திருப்பீர்கள். அமிலத்தன்மை கொண்ட மையோடு காரத்தன்மை கொண்ட மை சேர்ந்தாலும் அதுபோல் திரிந்துபோகலாம். அது பேனாவுக்குள் நடந்தால் வாய்க்கால் அடைபடும். கண்ணாடிக் குப்பியில் கலந்து, ஒரு நாள் வைத்து, அடியில் வண்டல் இல்லை என்று பார்த்த பிறகே பேனாவில் ஊற்ற வேண்டும். படம் வரைய விற்கும் இந்தியன் இங்க்கை எந்தச் சேர்மானத்தோடும் ஊற்றக் கூடாது. அதில் கரித்தூளும் அரக்கும் இருக்கும். காய்ந்தால் பேனா அதோடு முடிந்தது.

மேனியைத் துலக்குவது

அப்பாவின் பேனா ஏன் பழுப்பானது என்று தெரிந்துகொண்டபோது எனக்குப் பெரிய வியப்பு. எபோனைட் என்பது ரப்பர்! நம் மலையோரத் தோட்டங்களில் பால்வெட்டி எடுக்கிறார்களே, அதே ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்குவது வல்கனைசேஷன். சார்லஸ் குட்இயர் அதற்கு 1844இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். கந்தகத்தை மிக அதிகமாக, 30 சதவீதம் அளவுக்குச் சேர்த்தால் ரப்பர் மரம்போல் கடினமாகும். அந்தக் கடின ரப்பருக்கு அவருடைய சகோதரர் நெல்சன் குட்இயர் 1851இல் காப்புரிமை வாங்கினார். திருவள்ளூரிலும் ராஜமுந்திரியிலும் இன்றும் கடைசல் எந்திரத்தில் கடைந்து செய்யும் பேனாக்கள் எபோனைட்டில்தான் பெயர் பெற்றவை.

வெயிலும் ஈரமும் காற்றும் சேர்ந்தால் எபோனைட்டின் மேற்பரப்பு ஆக்சிஜனேற்றம் அடைகிறது. அதிலுள்ள கந்தகம் மெல்ல அமிலமாகிறது. பழுப்பும் வாசனையும் அதன் விளைவு. நிறம் மங்கத் தொடங்கிய எபோனைட்டைத் தண்ணீரில் முழுதாக ஊறவைத்தால் ஒரே இரவில் சாம்பல்பச்சை ஆகிவிடும். எனவே நிப்புப் பகுதியை மட்டும் நனையுங்கள். குழலும் மூடியும் வெளியே உலர்ந்தே இருக்கட்டும்.

பாலிஷ் என்றால் பூசுவது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான பாலிஷ்கள் செய்யும் வேலை அராவுவது. மிக நுண்ணிய துகளால் மேல்தோலைச் சீவி, கீறலைவிடச் சிறிய கீறல்களை உண்டாக்கி, கண்ணுக்குப் பளபளப்பாகக் காட்டுகின்றன. ஒவ்வொரு முறையும் பேனா கொஞ்சம் மெலிகிறது. இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தெளிவு. குத்துவிளக்குத் துலக்கும் பாலிஷை ஒருமுறை நான் தங்கமுலாம் பூசிய கிளிப்பில் தேய்த்தேன். இரண்டே நிமிடத்தில் முலாம் துணிக்கு வந்துவிட்டது. கிளிப்பில் வெறும் பித்தளை. முலாமுக்கு ஈரத்துணியும் உலர்துணியும் தவிர வேறொன்றும் வேண்டாம். பற்பசையும் அப்படித்தான்: துகள் சீராக இருக்காது, வரிப்பள்ளங்களில் வெள்ளையாகத் தங்கும்.

எபோனைட்டையும் அக்ரிலிக்கையும் துலக்கப் பொருத்தமானது மைக்ரோ-மெஷ் எனப்படும் மெத்தை போன்ற தேய்ப்புத் தாள். 1500இல் தொடங்கி 12000 வரை ஒன்பது தரங்கள் சேர்ந்த தொகுப்பாகக் கிடைக்கும். இதன் எண்ணும் ஹார்டுவேர் கடை உப்புத்தாளின் எண்ணும் ஒரே கணக்கல்ல. மைக்ரோ-மெஷ் 1500ஐப் பார்த்து உப்புத்தாள் 1500 வாங்காதீர்கள். லேசான மங்கலுக்கு 6000இல் தொடங்கினால் போதும். ஒவ்வொரு தரத்திலும் முந்தைய தரத்தின் கோடு மறையும் வரை, அழுத்தாமல் தேய்க்க வேண்டும். எபோனைட்டை உலர்ந்தபடியே தேய்ப்பது என் வழக்கம். பழுப்புத் தூள் உதிர்ந்து, கீழிருந்து கறுப்பு எழும். செல்லுலாய்டு பேனாவானால் வேகமாகத் தேய்க்கக் கூடாது. அதில் கற்பூரம் இருக்கிறது; சூடு அதற்கு ஒத்துக்கொள்ளாது. நிப்பின் பிளவிலோ முனையிலோ எந்தப் பாலிஷும் போகக் கூடாது. துகள் உள்ளே சிக்கினால் மறுபடி கழுவும் வேலைதான்.

மெழுகு வேறு வகை. அது உண்மையிலேயே பூச்சு. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆய்வகத்தில் 1950களில் உருவான ரெனைசன்ஸ் மெழுகைப் பலர் பேனாவுக்கும் பூசுகிறார்கள். அரிசியளவு எடுத்து, மெல்லப் பரப்பி, பழைய வேட்டித் துணியால் துடைத்தால் போதும். மழைக்காலத்தில் பெட்டியில் தூங்கப்போகும் எபோனைட் பேனாவுக்கு அது நல்லது. தினமும் கையில் இருக்கும் பேனாவுக்கு அவசியமில்லை.

ஃபில்லரால் மை ஊற்றும் பேனாக்களின் மரைக்குக் கசிவு தடுக்க எதையாவது பூச வேண்டும். வீட்டில் தேங்காயெண்ணெய் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, உண்மைதான். ஆனால் அது நாளடைவில் காறி, மைக்குள்ளும் இறங்கும். பெட்ரோலியம் ஜெல்லி ரப்பர் பாகங்களை இளக்கும். சிலிக்கோன் கிரீஸ் மட்டும் பூசுங்கள், மரையில் ஒரு மெல்லிய வளையம்.

அப்பாவின் பேனாவுக்கு மூன்று மாலைகள் ஆயின. மூடியும் கீழ்க்குழலும் முழுக் கறுப்புக்கு வந்துவிட்டன. குழலின் நடுவில் அவருடைய பெயரின் முதலெழுத்தும் இனிஷியலும் பொறித்திருந்தன. தேய்த்தால் அவை போய்விடும். அந்த இடத்தைச் சுற்றி ஒட்டும் டேப்பால் மறைத்துவிட்டு மற்றதைத் தேய்த்தேன். இப்போது கறுப்புக் குழலின் நடுவே கட்டைவிரல் அகலத்துக்குப் பலா இலைப் பழுப்பு, அதில் அவர் எழுத்து. மையில் எதுவும் சேர்க்க வேண்டியிருக்கவில்லை. நான்காம் நாள் நீலக்கறுப்பு மை ஊற்றி எழுதியபோது முதல் வரியிலேயே ஓடியது.